விழுப்புரம் தாண்டாத விமானம்

இதைச் சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை என்று தெரிந்தே சொல்கிறேன். வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன், அதில் முக்கால்வாசி ராத்திரி சவாரி. ஈசிஆர் கடற்கரைச் சாலையில் சவுக்குத் தோப்பு ஓரமாக எத்தனையோ தடவை தனியாக வந்திருக்கிறேன், பறவை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன்னால் பனியில் வேடந்தாங்கல் போயிருக்கிறேன். வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி கூட இதுவரை என் வண்டிக்குக் கை காட்டியதில்லை. எங்கள் கார் ஸ்டாண்டில் யாராவது இந்த மாதிரிக் கதையை ஆரம்பித்தால், அந்த அம்மா சீட் பெல்ட் போட்டுச்சா என்று கேட்டு மொத்தக் கதையையும் கெடுத்துவிடுகிற ஆள் நான்.

எனக்கு நடந்தது ராத்திரியில் கூட இல்லை. பட்டப்பகலில், பிற்பகல் வெயில் கண்ணைக் கூசுகிற நேரத்தில் நடந்தது. பேய் என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் நான் பார்த்த ஆள் இன்றைக்கும் உயிரோடு, ஆரோக்கியமாக இருக்கிறான். போன வாரம்கூட போன் செய்து தன் அக்காவிடம், அதாவது என் மனைவியிடம் பேசினான்.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த முட்டாள்தனம் உங்களுக்குப் புரியாது. கூடுவாஞ்சேரியில் எங்கள் ஸ்டாண்ட். பெரும்பாலும் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு ஆள் கொண்டுபோய் விடுவது, அங்கிருந்து கூட்டி வருவது. கூட்டி வருவதில்தான் சிக்கல். சீக்கிரம் போனால் அங்கே நிற்க விடமாட்டார்கள், தாமதமாகப் போனால் பெட்டியோடு நிற்கிற ஆள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் நாங்கள் எல்லோரும் போனில் ஒரு ஆப் வைத்திருக்கிறோம். வானத்தில் பறக்கிற ஒவ்வொரு விமானமும் அதில் மஞ்சள் பொம்மையாகத் தெரியும். மதுரை விமானம் எங்கே வருகிறது, தூத்துக்குடி விமானம் எங்கே வருகிறது எல்லாம் உட்கார்ந்த இடத்தில் பார்த்துவிடலாம். தெற்கிலிருந்து வருகிற விமானம் விழுப்புரத்தைத் தாண்டியதும் ஸ்டாண்டிலிருந்து கிளம்பினால், பயணி பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வருகிற நேரத்துக்கு நாம் வாசலில் நிற்போம். எங்கள் கணக்கு அதுதான். பயணி போன் செய்து இறங்கிவிட்டேன் என்று சொன்னால்கூட நாங்கள் நம்ப மாட்டோம், போனை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் நம்புவோம்.

தூரமும் நேரமும் எனக்கு மனப்பாடம். தூத்துக்குடிக்குத் தரை வழியாக அறுநூறு கிலோமீட்டர் சுமார், பஸ்ஸில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார வேண்டும். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். இறக்கையில் காற்றாடி சுற்றுகிற சின்ன விமானம், அது கொஞ்சம் நிதானமாகத்தான் வரும், வந்தாலும் ஒன்றரை மணி நேரம்தான். இதை யார் கேட்டாலும் ஏதோ நானே அந்த விமானத்தை ஓட்டுகிற மாதிரிச் சொல்லுவேன்.

தூத்துக்குடியில் என் மச்சான் பாபு இருந்தான். என் மனைவி சரளாவின் தம்பி. துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றி இறக்குகிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சரளாவின் அப்பா, தாத்தா எல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த வீட்டில் முதன்முதலாகச் சம்பள வேலைக்குப் போனவன் இவன்தான். அவன் அம்மா, அதாவது என் மாமியார் கன்னியம்மாள், மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்கு டீ ஆறிவிடும். அப்படிப்பட்டவன் தூத்துக்குடியிலேயே ஒரு பெண்ணைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு, சரளாவின் போனுக்குப் போட்டோ அனுப்பினான். பெண் வேறு மதம். அத்தைக்கு அதுகூடப் பெரிதில்லை என்று நினைக்கிறேன். தன்னைக் கேட்கவில்லையே என்பதுதான் பெரிதாகப் போய்விட்டது. போனை வாங்கி, இனிமேல் என் வாசப்படியை மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். அவனும் ரோசக்காரன், மிதிக்கவில்லை. தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, மறுபடி தீபாவளி வந்தது, அவன் வரவில்லை.

அத்தையின் வீடு திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. இரண்டு அறை, முன்னால் சிமெண்டு போட்ட வாசல், ஒரு இரும்பு கேட். கேட்டுக்குப் பக்கத்தில் நீலக் கலர் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரும் மேலே ஒரு மக்கும் எப்போதும் இருக்கும். வெளியூர் போய் வந்தவர்கள் காலைக் கழுவாமல் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது. அத்தை அதில் கறார். கல்யாணமான புதிதில் நான் ஒரு தடவை நேராக உள்ளே போய், மாப்பிள்ளை என்றும் பார்க்காமல் திருப்பி அனுப்பப்பட்டவன்.

அத்தைக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நானும் சரளாவும் கூடுவாஞ்சேரி வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டோம். அத்தையின் தங்கையும் படூரிலிருந்து வந்து கூட இருந்தார். அவரை நான் சின்ன அத்தை என்று கூப்பிடுவேன்.

நான் சொல்ல வந்தது நடந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். சரளாவைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டதே எனக்கு ஆச்சரியம்.

"பாபுவ வரச் சொல்லு மாப்ள" என்றார். "அவன் வந்தாலும் உள்ள வரமாட்டான். நான் சொன்ன சொல்லு அப்படி. வாசல்லியே நிப்பான். நீ போயி கூப்புடணும். அம்மா கூப்புட்டுச்சுன்னு சொல்லு. கைய புடிச்சி உள்ள இட்டுகினு வா."

சரி அத்தை என்றேன். என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டது அதுதான். சொத்து கேட்கவில்லை, செலவு கேட்கவில்லை, மகனை வாசலிலிருந்து உள்ளே கூப்பிடச் சொன்னார். ஒரு வார்த்தை, அவ்வளவுதான் என் வேலை.

உடனே பாபுவுக்கு போன் போட்டேன். அம்மா கூப்பிடுகிறது என்றதும் அவன் குரலே மாறிவிட்டது. அவன் மனைவிக்கு அப்போது நிறைமாதம், அவளை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு ராத்திரி பஸ்ஸிலேயே ஏறிவிடுகிறேன் என்றான். சென்னை பஸ் செங்கல்பட்டு வழியாகத்தான் வரும், விடிந்ததும் செங்கல்பட்டில் இறங்கினால் நான் போய் அழைத்து வந்துவிடலாம். நான்தான் வேண்டாம் என்றேன். அன்று சாயங்காலம் அத்தை ஒரு இட்லி சாப்பிட்டிருந்தார், முகம் தெளிவாக இருந்தது. ராத்திரி முழுக்க பஸ்ஸில் குலுங்கி எதற்கு வர வேண்டும், நாளைக்கு விமானத்தில் வா, ஒன்றரை மணி நேரம்தானே என்றேன். காலை விமானத்தில் இடம் இல்லை, மதிய விமானத்தில்தான் கிடைத்தது. அதனால் என்ன, ஒன்றரை மணி நேரம்தானே என்று மறுபடியும் சொன்னேன். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் ஒரு ராத்திரியும் ஒரு பாதிப் பகலும் இருக்கிறது என்று என் மண்டையில் ஏறவே இல்லை. பாபு கொஞ்சம் யோசித்துவிட்டு, உனக்குத் தெரியும் மாமா, நீ சொன்னா சரி என்றான். இந்த விஷயத்தில் எல்லோரும் என்னைத்தான் நம்பினார்கள்.

மறுநாள் விடிந்தபோது அத்தைக்குப் பேச்சு நின்றிருந்தது. கண் பாதி திறந்தபடி, மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. காற்று வரட்டும் என்று நானும் சரளாவும் கட்டிலை இழுத்து ஃபேனுக்கு நேராகப் போட்டோம். அதனால் தலைமாட்டுப் பக்கம் பீரோ வந்துவிட்டது, கட்டிலிலிருந்து பார்த்தால் வாசல் தெரியாது. அதையும் நான்தான் செய்தேன். பஸ்ஸில் வந்திருந்தால் இந்நேரம் பாபு வந்திருப்பான் என்று சரளா சொல்லவில்லை. சொல்லாமல் ஒரு தடவை என்னைப் பார்த்தாள், அது போதும்.

பத்து மணி வாக்கில் சின்ன அத்தை ஒரு டம்ளரில் பாலும் ஸ்பூனும் கொண்டுவந்து வைத்தார். உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் எங்கள் பக்கம் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பால் ஊற்றுவார்கள். ஊரில் இல்லாத பிள்ளையின் பேரைச் சொல்லி வேறு யாராவது ஊற்றுவதும் உண்டு, அதோடு ஆசை அடங்கி உயிர் நிம்மதியாகப் போய்விடும் என்பார்கள். பாபு பேரைச் சொல்லி ஊற்றிவிடலாமா, அக்கா கஷ்டப்படுகிறாளே என்று சின்ன அத்தை கேட்டார். நான் கூடவே கூடாது என்று சண்டை போட்டேன். அவனே வருகிறான், அவன் கையாலேயே ஊற்றட்டும் என்றேன்.

மதியம் பாபு விமானத்துக்குள்ளிருந்து போன் செய்தான்.

"ஏறிட்டேன் மாமா. போனை ஆஃப் பண்ணச் சொல்றாங்க. அம்மா என்னிய கேட்டுச்சா?"

கேட்டாங்க, நீ வா என்றேன். விமான நிலையத்துக்கு நான்தான் போக வேண்டும், ஆனால் சரளா என்னை விடவில்லை, இருக்கிற ஒரே ஆம்பளையும் போய்விட்டால் எப்படி என்று அழுதாள். அதனால் எங்கள் ஸ்டாண்டு மோகனிடம் சொல்லியிருந்தேன். நான் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தூத்துக்குடி ஓரமாக மஞ்சள் பொம்மை கிளம்பியது. மதுரைக்குக் கிழக்கே வந்தது. திருச்சியைத் தாண்டியது. நான் உள்ளே போய் அத்தையின் காதில், திருச்சி தாண்டிட்டான் அத்தை என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் இப்படியே அவரைப் பிடித்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன்.

இனிமேல்தான் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

பொம்மை விழுப்புரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மோகனைக் கிளம்பச் சொல்ல வேண்டும் என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது டிரம்மில் மக்கு முங்குகிற சத்தம் கேட்டது. கேட் திறந்த சத்தம் கேட்கவில்லை, மக்கு முங்கின சத்தம்தான். பக்கத்து வீட்டு ஆள் யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நிமிர்ந்தேன். பாபு நின்றிருந்தான்.

நல்ல வெயில். அவன் முகத்தில் வெயில் விழுந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான். வெளிர் நீலச் சட்டை, கறுப்பு பேண்ட். கையில் பை இல்லை. காலில் ஷூ இல்லை, ஆனால் சாம்பல் கலரில் சாக்ஸ் இருந்தது. அந்தச் சாக்ஸைக் கழட்டாமல் அதன் மேலேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரு கால், பிறகு இன்னொரு கால். மக்கைத் திரும்ப டிரம் மேல் வைத்தான். வைத்துவிட்டு நாலு எட்டு நடந்து, படிக்குக் கீழே வந்து நின்றான். சிமெண்டில் அவன் நடந்த இடமெல்லாம் ஈரம்.

பயம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. எனக்கு வந்தது எரிச்சல். இவன் பொய் சொல்லியிருக்கிறான், விமானத்தில் ஏறவே இல்லை, நேற்று ராத்திரியே பஸ்ஸில் வந்து செங்கல்பட்டில் எங்கேயோ ரூம் போட்டு உட்கார்ந்துகொண்டு என்னை ஏமாற்றியிருக்கிறான் என்று நினைத்தேன். காலையிலிருந்து நான் பட்ட பாடு என்ன, போட்ட சண்டை என்ன. எழுந்துகூட நிற்கவில்லை நான்.

"எப்டிடா வந்த?" என்று கேட்டேன்.

அவன் என்னைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்தான். படியில் கால் வைக்கவில்லை.

நான் போனை அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன். இப்போது நினைத்தால் என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. "நீ பிளேன்ல தான வந்துகினு கீற? இத பாரு, பிளேன் இன்னும் விழுப்புரமே தாண்டல. நீ எப்டி இங்க கீற?" என்றேன். எதிரில் ஒருவன் கால் ஈரத்தோடு நிற்கிறான், நான் அவனிடம் கணக்குக் கேட்கிறேன்.

அவன் போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அம்மா கூப்டுச்சா மாமா?"

அத்தை சொல்லி வைத்திருந்தது அத்தனையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கையைப் பிடித்து உள்ளே அழைத்து வர வேண்டும். கூப்புட்டுச்சு, உள்ள வா என்று சொல்ல வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை. மறுபடியும் போனைப் பார்த்தேன். பொம்மை நின்ற இடத்திலேயே நின்றது, விழுப்புரத்துக்குக் கொஞ்சம் தெற்கே. டவர் இல்லையோ என்று திரையைத் தேய்த்துப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் உள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது. விடியற்காலையிலிருந்து ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தவர், தெளிவாகக் கேட்டார்.

"மாப்ள, பாபு வந்துட்டானா?"

நான் தலையை உள்பக்கம் திருப்பி, சத்தமாகவே சொன்னேன். "இன்னும் இல்ல அத்தை. பிளேன் விழுப்புரம் தாண்டல."

சொல்லிவிட்டுத் திரும்பினால் வாசலில் யாரும் இல்லை.

கேட்டுக்கு ஓடினேன். தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டபடி இருந்தது. அதைத் திறந்து தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தேன், எதிர் வேப்பமரத்து நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது, அது தலையைக்கூடத் தூக்கவில்லை. திரும்பி வரும்போது சிமெண்டில் ஈரம் காய ஆரம்பித்திருந்தது. டிரம்மிலிருந்து படி வரைக்கும் காலடிகள் வந்திருந்தன, திரும்பிப் போன காலடி ஒன்றுகூட இல்லை. உள்ளே ஓடினேன். அத்தை, வந்துட்டான் அத்தை, பாபு வந்துட்டான் என்று சொல்ல வேண்டும் என்றுதான் ஓடினேன். ஆனால் அதற்குள் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டார். நான் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. மூச்சு வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது.

சின்ன அத்தை என்னைக் கேட்கவில்லை. பால் டம்ளரை எடுத்தார். "அக்கா, பாபு ஊத்தறான், குடிச்சிட்டுப் போ" என்று ஸ்பூனில் ஊற்றினார். உள்ளே போகாமல் பால் கடைவாயில் வழிந்தது. சரளா முந்தானையால் துடைத்தாள். இரண்டாவது ஸ்பூனுக்கு அவசியம் இருக்கவில்லை.

எல்லோரும் அழ ஆரம்பித்தபோது வீட்டுக்கு மேலே விமானச் சத்தம் கேட்டது. தெற்கேயிருந்து வருகிறவை சில நாள் எங்கள் ஊர் மேலேதான் தாழ்ந்து வரும். காற்றாடி வைத்த விமானத்தின் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். வெளியே வந்து பார்த்தேன். இறக்கையில் வெயில் பட்டு மின்னியபடி, மீனம்பாக்கம் பக்கமாகப் போயிற்று. போனைப் பார்த்தேன், மஞ்சள் பொம்மை எங்கள் ஊர் மேலேயே இருந்தது. விழுப்புரத்தில் நின்றது எப்போது நகர்ந்தது, எப்போது இங்கே வந்தது, நான் கவனிக்கவில்லை. அந்த விமானத்துக்குள் அவன், ஒன்றும் தெரியாமல், அம்மாவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.

அவனை மோகன் அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. சிங்கபெருமாள்கோவிலில் வண்டிகள் நகராமல் நின்றிருக்கின்றன. வழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. வாசலில் அதற்குள் ஊர் கூடிவிட்டது. பாபு கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். உள்ளே வரவில்லை, அத்தை சொன்ன மாதிரியே நின்றான். வெளிர் நீலச் சட்டை, கறுப்பு பேண்ட். நான் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். உள்ள வா மச்சான், அம்மா கூப்புட்டுச்சு, உள்ள வா, உள்ள வா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நிறுத்த முடியவில்லை. மாமியார் மேல் இவ்வளவு பாசமா என்று ஊரில் சொன்னார்களாம். எந்த நேரத்தில் சொல்ல வேண்டியதை எந்த நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவன் அழவில்லை. காலைக் கழுவ டிரம் பக்கம் போனான், ஷூவைக் கழட்டினான். சாம்பல் கலர் சாக்ஸ். அதைக் கழட்டிப் பிழிந்தான். நம்பினால் நம்புங்கள், தண்ணீர் சொட்டியது. சரளா அதை வாங்கித் துணிக்கொடியில் போட்டாள். என்ன இது ஈரம் என்று அவள் கேட்டதற்கு, விமானத்தில் ஷூவைக் கழட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன், பக்கத்து சீட்டுக்காரர் பாட்டில் தண்ணீரைக் கொட்டிவிட்டார் போல என்றான். பக்கத்து சீட்டில் யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டு, யாரும் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

பாபு வந்து சேர்வதற்கு முன்னாலேயே சின்ன அத்தை ஒரு தடவை, வாசலில் தண்ணீரை யார் ஊற்றியது, கால் வழுக்கியதே என்று யாரையோ பொதுவாகத் திட்டினார். அப்படியானால் ஈரத்தை நான் மட்டும் பார்க்கவில்லை. அதற்கு மேல் எனக்குச் சாட்சி கிடையாது.

வெயிலில் மண்டை குழம்பியிருக்கும், இரண்டு நாளாகத் தூங்காத கண்ணுக்கு எதுவும் தெரியும் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள், எனக்கும் அப்படித்தான் வேண்டும். அன்று வாசலுக்கு யாரும் வரவில்லை என்று யாராவது நிரூபித்துக் காட்டினால் அவர் காலில் விழத் தயாராக இருக்கிறேன். யாரும் வரவில்லை என்றால் நான் யாரையும் வாசலில் நிறுத்தவில்லை என்று ஆகும். அத்தைக்கு நான் சொன்ன பதில் உண்மையாகிவிடும்.

காரியம் முடிந்ததும் பாபு கிளம்பினான். அந்தப் பக்கம் மனைவிக்கு எந்த நேரமும் வலி எடுக்கலாம் என்ற நிலை. மீனம்பாக்கத்துக்கு நானே கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் நன்றாகத்தான் பேசினான், வீட்டைப் பூட்டிப் போட வேண்டாம் மாமா, நீங்களே இருங்கள் என்றான். மறைமலை நகர் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். உன் அம்மா உன்னைக் கேட்டபோது நீ வந்திருந்தாய், நான்தான் இல்லை என்று சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? இரண்டு தடவையும் வாயை மூடிக்கொண்டேன்.

புறப்பாடு வாசலில் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். அவன் போகாமல் நின்றான்.

"மாமா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

சொல்லு என்றேன்.

"அன்னிக்கு பிளேன்ல தூங்கிட்டேன்னு சொன்னேன்ல. கனவு கினவு ஒண்ணும் இல்ல. ஆனா முழிச்சப்போ உன் மேல அவ்ளோ கோவம். உன்ன அடிச்சிடலாம்னு இருந்துச்சு. இன்னாத்துக்குன்னே தெர்ல. நீ எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல. டிக்கெட்டு கூட நீதான் சொன்ன, அதுக்குன்னு பாத்தா அது இல்ல, அது வேற கோவம். அம்மாவ பாத்தப்புறம் போயிடும்னு நெனச்சேன். இன்னும் போவல மாமா."

நான் பெட்டியின் கைப்பிடியை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.

"இன்னாத்துக்குன்னு தெரிஞ்சா வுட்டுடுவேன்" என்றான். என் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவன் போகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரியும் என்று கத்தியிருக்கலாம். அடித்திருப்பான், அடித்திருந்தால் இரண்டு பேருக்கும் நல்லதாகப் போயிருக்கும். இப்போது நாங்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை அவன் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு வருகிறான். மகள் நேராக ஓடி வந்துவிடுவாள். அவன் காலைக் கழுவிவிட்டு, நான் போய்க் கூப்பிடுகிற வரைக்கும் படிக்குக் கீழேயே நிற்கிறான். கூப்பிட்டால் வருகிறான், சிரிக்கிறான், சாப்பிடுகிறான். அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது, எனக்குத் தெரிகிறது. அதுபற்றி அதன்பிறகு அவன் ஒருநாளும் பேசியதில்லை. நானும் சொன்னதில்லை. டிரம்மில் மக்கு முங்குகிற சத்தம் கேட்டால் மட்டும், யார் என்று நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்னாலேயே உள்ள வா என்று சொல்லிவிடுகிறேன். பால்காரர், கேபிள்காரர் எல்லோருக்கும் பழகிவிட்டது.

அன்று மீனம்பாக்கத்தில் நடந்த ஒன்றையும் சொல்லி முடித்துவிடுகிறேன். பாபு உள்ளே போனதும் வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழக்கம். அவன் விமானம் ஏறியது, மஞ்சள் பொம்மை தெற்கே திரும்பியது, செங்கல்பட்டு ஏரியைத் தாண்டியது. எங்கள் ஊர் மேலே வந்ததும், அத்தை போன அன்று விழுப்புரத்தில் நின்ற மாதிரியே நின்றுவிட்டது. திரையைத் தேய்த்தேன், நகரவில்லை. சுற்றியிருந்த மற்ற பொம்மைகள் எல்லாம் நகர்ந்துகொண்டிருந்தன. டவர் இல்லையோ என்று பார்த்தேன். விமான நிலைய வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், டவர் முழுசாக இருந்தது.